மலைத் தழைக்குத்தான் சத்து அதிகமா? பாகூர் மாட்டுக்கு எந்த உயரம் முக்கியம்?

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் ரோட்டில் வண்டி ஓட்டியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. முன்னால் ஒரு டிவிஎஸ் ஃபிப்டி போகும். அதன் பின்னால் ஒரு பெரிய கட்டு தழை. ஓட்டுபவரின் முதுகுகூடத் தெரியாது, தழை மட்டும்தான் தெரியும். அகத்தியாக இருக்கலாம், பூவரசாக இருக்கலாம், யாரோ வீட்டு வேலியில் ஒடித்த கிளைரிசிடியாவாகவும் இருக்கலாம். ஹாரன் அடித்து முந்திப் போகிறவர் மறுநாள் காலையில் காபிக்கு ஊற்றும் பாலில் அந்தத் தழைக்கும் ஒரு பங்கு உண்டு.

சமீப காலமாக இந்தத் தழையைப் பற்றி ஆர்வமாகப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் விவசாயிகள் இல்லை. வேலையை விடாமல் வார இறுதியில் ஆட்டுப்பண்ணை நடத்தலாம் என்று அரை ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கும் இளைஞர்கள். இவர்களுடைய வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றும் ஒரு நம்பிக்கை, "மலையில வளர்ற தழைக்குத்தான் சத்து ஜாஸ்தி, சமவெளித் தழை வெறும் தண்ணி" என்பது. அடுத்த கேள்வி தானாகவே வந்துவிடுகிறது: "அப்போ நாமளும் அந்த மலை மரத்தையே நட்டா என்ன?"

அந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பாதியால் புதுச்சேரிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இங்கே முக்கியமான உயரம் வேறு.

மலை ஏறினால் இலைக்கு என்ன ஆகிறது?

கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. குளிரில் செடி மெதுவாக வளரும். வேர் உறிஞ்சிய நைட்ரஜன், பெரிய இலையில் பரவி நீர்த்துப் போகாமல் சின்ன, தடித்த இலையில் அடர்த்தியாகத் தங்கும். இலையின் புரதத்தை அளப்பவர்கள் உண்மையில் அளப்பது இந்த நைட்ரஜனைத்தான். அதை 6.25 ஆல் பெருக்கி, கிடைப்பதைக் கச்சாப் புரதம் என்கிறார்கள். தாவரவியலாளர் கிறிஸ்டியன் கோர்னர் 1989-ல் உலகின் பல மலைகளின் செடிகளை ஒப்பிட்டு, உயரமான இடத்துச் செடிகளின் இலைகளில் நைட்ரஜன் பொதுவாக அதிகம் என்று காட்டினார்.

இன்னொரு விஷயமும் மலைக்குச் சாதகம். வெயில் கூடக் கூட இலைக்காம்பும் இளந்தண்டும் சீக்கிரம் முற்றிவிடும். லிக்னின் என்ற மரப்பொருள் சேரும். அதை மாட்டின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகளாலும் உடைக்க முடியாது. குளிர்ந்த இடத்தில் இது மெதுவாக நடக்கும்.

ஆனால் மலையில் புற ஊதாக் கதிர் அதிகம், மண்ணும் பல இடங்களில் மெலிந்தது. இலை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள டானின் மாதிரியான துவர்ப்புப் பொருட்களைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும். தீவனத்தில் டானின் 2 முதல் 4 சதவீதம் வரை இருந்தால் நல்லதுதான். புரதம் முதல் வயிற்றிலேயே வீணாகாமல் குடலுக்குப் போய்ச் சேர அது உதவும். 5 சதவீதத்தைத் தாண்டினால் கதை மாறும். மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், தின்றதும் சரியாகச் செரிக்காது. ஆய்வக அறிக்கையில் புரதம் கம்பீரமாக இருக்கும், மாட்டுக்குப் போய்ச் சேராது.

ஒரே தேதி, வேறு வேறு வயது

உயரத்தையும் தீவனத்தையும் இணைத்துப் பேசும்போது பலரும் கவனிக்காமல் விடுவது இலையின் வயதை.

மலையடிவாரத்தில் மார்ச் மாதம் துளிர்க்கும் மரம், மேலே ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோதான் துளிர்க்கும். மே மாதம் ஒரே நாளில் கீழேயும் மேலேயும் இலை பறித்துச் சோதித்தால் என்ன கிடைக்கும்? கீழே இரண்டு மாத முற்றிய இலை, மேலே இரண்டு வாரத் துளிர். துளிரில் புரதம் அதிகமாகத்தான் இருக்கும். அதற்குக் காரணம் மலையா, வயதா? கொஞ்சம் மலை, நிறைய வயது. இமாச்சலின் கத்தி மேய்ப்பர்களும் உத்தராகண்டின் வன குஜ்ஜர்களும் கோடையில் மந்தையோடு மேலே ஏறிப் போவது இதனால்தான். அவர்கள் போவது துளிரைத் தேடி. எந்த ஆய்வகமும் சொல்லித்தராமலே அவர்களுக்கு இது தெரியும்.

மரத்தின் இனமும் இடத்துக்கு இடம் மாறுகிறது. இமயத்தின் நடு உயரங்களில், சுமார் 1,200 முதல் 2,300 மீட்டர் வரை, பாஞ்ச் எனப்படும் ஓக் மரம்தான் மாட்டுக்கு முக்கியத் தழை. குமாவுன், கர்வால் கிராமங்களில் பெண்கள் முதுகில் சுமந்து வரும் கட்டுகளில் அதுதான் இருக்கும். அதன் புரதம் பத்து சதவீதத்தை ஒட்டித்தான், டானினோ அதிகம். அதைவிடத் தாழ்வான பகுதிகளில் வயல் வரப்பில் நட்டு வளர்க்கும் பீமல் மரத்தின் இலையில் புரதம் ஏறக்குறைய அதைப் போல இரண்டு மடங்கு. ஆக, இமயமலையிலேயே மேலே இருக்கும் மரம் கீழே இருக்கும் மரத்திடம் தோற்கிறது. உயரத்தைவிட மரத்தின் இனம்தான் இங்கே பெரிய காரணம்.

நமக்குத் தெரிந்த மரங்களுக்கு வருவோம். அகத்தி இலையின் உலர் எடையில் சுமார் 25 சதவீதம் புரதம். சூபாபுல் என்கிற சவுண்டல், கிளைரிசிடியா இரண்டும் 20 சதவீதத்துக்கு மேல். மூன்றுமே வெப்பம் விரும்பும் மரங்கள். அகத்தி சுமார் 800 மீட்டருக்கு மேலே போனால் சிரமப்படும், பனி பட்டால் கருகிவிடும். ஊட்டியில் அகத்தித் தோப்பு போட முடியாது. கென்யாவின் எம்பு பகுதி மாதிரியான உயரமான ஊர்களில் விவசாயிகள் கல்லியாண்ட்ரா என்ற மத்திய அமெரிக்க மரத்தை வேலியாக வளர்த்து, அதன் 3 கிலோ பச்சைத் தழையை ஒரு கிலோ கடைத் தீவனத்துக்குப் பதிலாகப் போடுகிறார்கள். குளிர்ந்த ஊருக்குத் தோதான மரம் அது. பாகூரில் இருப்பவர் அதன் விதையை ஆன்லைனில் தேடி வாங்க ஒரு காரணமும் இல்லை. வேலியில் நிற்கும் அகத்தி அதைவிட நல்ல தீவனம்.

30 மீட்டருக்கு எவ்வளவு குளிரும்?

புதுச்சேரிப் பகுதியின் சராசரி உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 15 மீட்டர். பிரெஞ்சுக்காரர்கள் 'சிவப்பு மலைகள்' என்று பெயர் வைத்த கோரிமேட்டுச் செம்மண் மேடே சுமார் 30 மீட்டர்தான். கணக்குப் போட்டால், அந்த 'மலை'யின் உச்சியில் கடற்கரையைவிட 0.2 டிகிரிதான் குளிர்ச்சி. மின்விசிறியை ஒரு எண் கூட்டினால் இதைவிட அதிக வித்தியாசம் தெரியும்.

எனவே மலைக் கணக்கு இங்கே செல்லாது. ஆனால் "நம்ம ஊர்ல மேடு பள்ளத்துக்கு வேலையே இல்ல" என்று நினைத்தால் அதுவும் தப்பு. சேலியமேடு, கோரிமேடு என்று ஊர்ப் பெயரிலேயே மேட்டைச் சேர்த்து வைத்தவர்கள் காரணம் இல்லாமல் வைக்கவில்லை. சமவெளியில் இரண்டு மீட்டர் வித்தியாசம் என்பது வெப்பத்தின் விஷயம் இல்லை. தண்ணீரின் விஷயம், மண்ணின் விஷயம்.

பாகூரின் வயல்கள் களிமண். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக ஏரிக்கு வரும் தென்பெண்ணைத் தண்ணீர், மழைக்காலத்தில் தாழ்வான வயல்களில் நாள்கணக்கில் நிற்கும். அங்கே சவுண்டலை நட்டால் வேர் மூச்சுத் திணறி, இலை மஞ்சளாகும். அகத்தி அதே சேற்றில் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் நிற்கிற இடத்துக்கு அகத்தி, வடிகிற வரப்புக்குச் சவுண்டல் என்பது இந்த ஊருக்கான உயரக் கணக்கு.

வில்லியனூர் கொம்யூனில் நிலம் ஒரே மாதிரி இல்லை. சங்கராபரணி ஓரத்தில் ஆற்று வண்டல், ஊசுட்டேரிப் பாசனத்தில் வயல், அதிலிருந்து விலகிப் போனால் செம்மண் மேடு. செம்மண் மேட்டில் தண்ணீர் தங்காது, மணிச்சத்தும் குறைவு. அங்கே கோடையில் வாடி நிற்கும் மரத்தின் இலையில் துவர்ப்பு கூடும், மணிச்சத்து குறையும். மணிச்சத்துக் குறைந்த தீவனத்தையே தொடர்ந்து தின்னும் மாடு சினைப் பிடிக்கத் தாமதமாகும். ஒரே மரம், ஒரே கொம்யூன், இரண்டு கிலோமீட்டர் இடைவெளி. ஆனாலும் தழை ஒன்றல்ல.

கடலோரக் கிராமங்களில் வேறு பிரச்சினை. நிலத்தடி நீரில் உப்பு ஏறிய இடங்களில் மரத்தின் தேர்வும் மாறும். பூவரசு கடற்கரைக்கே உரிய மரம், அது உப்பைப் பொறுத்துக்கொள்ளும். ஆடுகளுக்கும் பிடிக்கும்.

வைக்கோலோடு ஒரு கணக்கு

இதெல்லாம் ஏன் முக்கியம்? பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மாறி மாறி நெல். நெல் இருக்கும் ஊரில் மாட்டுக்கு வைக்கோல். வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவீதம்தான். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் ஒழுங்காக வேலை செய்யவே மொத்தத் தீவனத்தில் குறைந்தது 7 சதவீதம் புரதம் வேண்டும். அதற்குக் கீழே போனால் வைக்கோலே சரியாகச் செரிக்காது. வயிறு நிறைந்த மாடு பசியோடு நிற்கும்.

ஒரு மாடு நாளைக்கு 8 கிலோ வைக்கோல் தின்றால் அதிலிருந்து கிடைக்கும் புரதம் ஏறத்தாழ 300 கிராம். அதுவும் முழுக்கச் செரிக்காது. காம்பு, குச்சி நீக்கிய பச்சை அகத்தி இலை 5 கிலோவில் அதே 300 கிராம் புரதம் இருக்கிறது. கடையில் விற்கும் 20 சதவீதப் புரதக் கலப்புத் தீவனத்தில் இது ஒன்றரை கிலோவுக்குச் சமம். இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டில் தினமும் 3 கிலோ தீவனம் மிச்சம். அந்த வீட்டுக்காரம்மா தீவன மூட்டை வாங்கும் கடையில் வைத்திருக்கும் கடன் நோட்டில் இந்த 3 கிலோ தெரியும்.

பாண்லே உள்ளூர்க் கொள்முதல் போதாமல் வெளி மாநிலங்களிலிருந்தும் பால் வாங்குகிறது. உள்ளூர் உற்பத்தி ஏன் ஏறவில்லை என்று பேசும்போது கலப்பின மாடு, மானியம், கொள்முதல் விலை எல்லாம் பேச்சில் வரும். தழை வராது.

தழை மட்டுமே போட்டால் போதும் என்றும் அர்த்தம் இல்லை. சவுண்டலில் மைமோசின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் மாட்டுக்கு முடி கொட்டும், தைராய்டு பாதிக்கும். 1980-களில் ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ், ஹவாய் தீவு ஆடுகளின் வயிற்றில் இந்த நச்சைச் செரிக்கும் பாக்டீரியா இருப்பதைக் கண்டுபிடித்து, அதை ஆஸ்திரேலிய மாடுகளுக்கு மாற்றிக் காட்டினார். பிறகு அந்த பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே சேர்த்து வைத்தார்கள். புதிதாகச் சவுண்டல் பழக்கும் பண்ணைக்காரர் அந்தப் பாக்டீரியாவை நம்பி இறங்காமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது நல்லது. கிளைரிசிடியாவில் வேறு தொல்லை, வாடை. ஒடித்து ஒரு ராத்திரி வாடவிட்டுப் போட்டால் மாடு முகம் சுளிக்காது.

இங்கேயும் வயதுதான் ராஜா. மலையில் குளிர் செய்யும் வேலையை இங்கே கத்தி செய்யும். சவுண்டலை 40 முதல் 80 நாளுக்கு ஒரு தடவை, அகத்தியை 60 நாளுக்கு ஒரு தடவை வெட்டிக்கொண்டே இருந்தால் எப்போதும் இளந்தழை. நாலு மாதம் விட்டுவிட்டு, தொரட்டிக்கோலால் எட்டாத கிளையை இழுத்து ஒடித்தால் கிடைப்பது பாதி குச்சி. இமயத்தின் துளிருக்கு இணையான தழையைப் பாகூர்க்காரர் தன் வரப்பிலேயே உண்டாக்க முடியும். அதற்கு நாள் எண்ணத் தெரிந்தால் போதும்.

2024 நவம்பர் 30

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த அந்த நாளில் 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரோடு தென்பெண்ணை பெருக்கெடுத்து பாகூர் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்தது. வெள்ளத்தில் நனைந்த வைக்கோல் போர் பூஞ்சணம் பிடித்துவிடும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலைப் போட்டால் மாட்டுக்குக் கழிச்சலும் நச்சும். புல் தண்ணீருக்கு அடியில். அப்படிப்பட்ட வாரத்தில் தண்ணீருக்கு மேலே பச்சையாக நிற்பது மரத்துத் தழை மட்டும்தான். பாகூரில் ஒரு இலை கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பதைவிட, வெள்ள மட்டத்திலிருந்து எத்தனை அடி என்பது பெரிய கேள்வி.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. அகத்தி மெல்லிய மரம், காற்றில் முறியும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இந்தப் பகுதியில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்பது இங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஐப்பசிக்கு முன்பே உச்சியை வெட்டி ஆறேழு அடி உயரத்தில் நிறுத்திய மரம் காற்றுக்கு அதிகம் சாயாது. வெள்ளத்துக்கு மேலேயும் நிற்கும், கைக்கும் எட்டும்.

36 பொட்டலம்

இத்தனைக்கும் இந்த மண்ணில், இந்த மேட்டில், இந்தப் பள்ளத்தில் வளரும் தழையில் எவ்வளவு சத்து என்று கேட்டால், நாட்டுச் சராசரி அட்டவணையைத்தான் எல்லோரும் நீட்டுகிறார்கள். வில்லியனூருக்குப் பக்கத்தில் குரும்பாப்பேட்டையிலேயே ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காமராஜர் வேளாண் அறிவியல் நிலையமும் அங்கேதான். பாண்லேவும் அங்கேதான். ஆய்வகம், ஆலோசனை, பால் கொள்முதல் மூன்றும் நடந்து போகிற தூரத்தில் அமைந்த ஊர் தமிழ் பேசும் நிலத்தில் அதிகம் இருக்காது.

வேலை பெரியதும் இல்லை. கடலோரம், ஆற்றங்கரை, செம்மண் மேடு என்று மூன்று இடம். அகத்தி, சவுண்டல், கிளைரிசிடியா, பூவரசு, வேம்பு, கல்யாண முருங்கை என்று ஆறு மரம். தை மாதம் ஒரு தடவை, வைகாசியில் ஒரு தடவை. மொத்தம் 36 பொட்டலம் இலை, எல்லாம் வெட்டி 60 நாள் ஆன ஒரே வயதுத் தழை. புரதம், நார், டானின், மணிச்சத்து நாலையும் அளந்தால் போதும். ஒரு முதுகலை மாணவரின் ஆய்வேட்டுக்குள் அடங்கும் வேலை இது. முடிவை இங்கிலீஷ் ஆய்விதழில் மட்டும் போடாமல், ஒரு பக்க அட்டையாகப் பால் சேகரிப்பு மையங்களின் சுவரில் ஒட்ட வேண்டும்.

மரம் நிற்க இடம் வேண்டும் என்பது அடுத்த பிரச்சினை. வரப்புகள் மனைகளாகும் வேகத்தில் வேலி மரங்களும் போய்க்கொண்டிருக்கின்றன. பிளாட் போட்டதும் முதலில் வேலியைப் பிடுங்கிக் கல் நடுகிறார்கள். மீதி இருப்பது வாய்க்கால் கரைகளும் ஏரிக் கரைகளும். ஊசுட்டேரி 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம், அங்கே தழை ஒடிக்கும் பேச்சே வேண்டாம். ஆனால் பாகூர் ஏரியைச் சுற்றியுள்ள பாசன வாய்க்கால் கரைகளில், தூர்வாரும் இயந்திரம் போக ஒரு பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்தில் தழை மரம் வைக்கலாம். பராமரிப்பையும் தழையையும் அந்தந்த ஊர் பால் உற்பத்தியாளர் சங்கத்துக்கே கொடுத்துவிடலாம்.

இதை முடிவு செய்ய வேண்டியது யார்? கொம்யூன் பஞ்சாயத்து. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 38 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2006-ல் நடந்தது. 2011-ல் பதவிக்காலம் முடிந்த பின் பல வருடங்கள் தேர்தலே நடக்கவில்லை. வாய்க்கால் கரையில் அலங்கார மரமா, அகத்தியா என்பதை அதிகாரிகளின் கோப்பு முடிவு செய்தால் அலங்கார மரம்தான் வரும். அது பூக்கும், படத்தில் அழகாக இருக்கும், திறப்பு விழாவுக்கும் பொருத்தம். ஆடு அதன் பக்கத்தில்கூடப் போகாது.

வார இறுதிப் பண்ணைக்காரர்கள் இதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நிலத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று ஒரு கார்த்திகை மாதம் போய்ப் பார்த்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும். அந்த இடத்தில் அகத்தி, மேட்டு வரப்பில் சவுண்டல், வேலி ஓரம் கிளைரிசிடியா. வெட்டிய தேதியை மொபைல் காலண்டரில் போட்டு, அறுபதாவது நாளுக்கு ஒரு அலாரம் வைத்துக்கொள்ளலாம்.